உப்பு பார்க்க ஒரு நாக்கு

இசக்கிதுரை அண்ணாச்சி எடை மெஷினில் ஏறும் முன்பே எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

ஏறாமல் என்ன செய்யும்? டயாலிசிஸுக்கு வருகிற ஆளுக்கு எடை கூடினால் அது சதை இல்லை, தண்ணீர். கிட்னி வெளியேற்றாத தண்ணீர் முழுக்க உடம்பிலேயே நிற்கும். போன வாரம் அது நெஞ்சு வரைக்கும் ஏறி, மனிதர் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார். இன்னொரு தடவை இப்படி வந்தால் ஐ.சி.யு.தான், அப்புறம் பிழைப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அண்ணாச்சியோடு மல்லுக்கட்டுவது நர்ஸ் நான்தான்.

தண்ணீர் குடித்தீர்களா என்றால், தொண்டையை நனைக்கத்தான் என்பார். உப்பு தின்றீர்களா என்றால், வீட்டில் உப்பு டப்பாவே கிடையாது என்பார். உப்பு போகாமல் இவ்வளவு தாகம் எங்கிருந்து வரும்? யார் காதில் பூ சுற்றுகிறார்?

அவர் மனைவி முத்துமாரியக்காவையும் நான் விட்டுவைக்கவில்லை. வெளியே பெஞ்சில் டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருப்பார். இவருக்கு என்னத்தைத்தான் ஆக்கிப் போடுகிறீர்கள் என்று நாலு பேர் பார்க்கவே கேட்டிருக்கிறேன். தின்றுகொண்டிருந்த டப்பாவை மூடிக்கொண்டார். பதிலுக்கு ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட எரிச்சல் பாதி அடங்கியிருக்கும்.

இன்று எனக்குப் பசி வேறு.

காலையில் தாராவியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து செம்பூருக்கு ஓடி வருகிறவளுக்கு வீட்டில் சமைக்க எங்கே நேரம்? எங்கள் சென்டர் கேட்டில் ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் சைக்கிள் இட்லிக்காரர்தான் எங்கள் எல்லோருக்கும் கதி. நேற்று அவருடைய சாம்பாரில் உப்பே இல்லை. போனால் போகிறது என்று விழுங்கினேன். இன்று அதைவிட மோசம். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

கேட்டுக்கே போய் அவரை நன்றாகத் திட்டிவிட்டு வந்தேன். நாளைக்கும் இதே சாம்பார் என்றால் இந்தப் பக்கம் ஹார்ன் சத்தமே கேட்கக் கூடாது என்றேன். பின்னால் நின்ற வார்டு ஆயா சாதனாவும், ஏக்தம் ஃபாலத்து, படு மட்டம் என்று தன் பங்குக்கு ஒன்று போட்டாள். பாதிப் பேர் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நான் என்னுடையதை உள்ளே கொண்டுவந்து குப்பைத்தொட்டியில் எறிந்தேன்.

அந்தக் காலி வயிற்றோடுதான் அண்ணாச்சியை எடை மெஷினில் ஏற்றினேன்.

எடை கூடவில்லை.

மெஷின் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். அவரை இறக்கிவிட்டு நான் ஏறிப் பார்த்தேன். என் எடையை அது கொஞ்சமும் தாட்சண்யம் இல்லாமல் சரியாகவே காட்டியது.

"என்ன செஞ்சீங்க?" என்றேன். நல்லது நடந்தால்கூட என் குரல் அதட்டலாகத்தான் வருகிறது.

அண்ணாச்சி கட்டிலில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டார். "நமக்கு இட்லி ஏவாரம்லா தாயி. விடியக்காலம் தாராவியில ஆக்கி சைக்கிள்காரங்களுக்குக் கொடுக்கோம். அண்டா அண்டாவா சாம்பார், சட்னி. உப்பு பாக்கது நாந்தான். உள்ளங்கையில விட்டு நக்குதது ஒரு தீனியாக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. போன தடவ நீங்க வஞ்ச பொறவுதான் உறைச்சுது. நேத்துல இருந்து முத்துமாரி பாக்கா."

இத்தனை நாளாக அவர் என்ன குடித்தார், எவ்வளவு குடித்தார் என்றுதான் கேட்டிருக்கிறேன். என்ன வேலை செய்கிறார் என்று கேட்டதே இல்லை.

"அதுலதான் இப்பம் சிக்கல்" என்றார். "நான் உப்ப விட்ட அன்னைக்கே அவளும் விட்டுட்டா. நான் திங்கததத்தான் அவளும் திங்கா. இப்பம் அவ நாக்குக்கு எதுவுமே சப்புன்னு தெரிய மாட்டேங்கு. சரியா இருக்குன்னு சாம்பார எறக்கிட்டா. காலையில செம்பூர்ல ஏதோ ஒரு கேட்டுல யாரோ அம்மா சைக்கிள்காரன நல்லா வஞ்சு விட்டுட்டாவளாம். நாளைக்கு வேற எடத்துல எடுத்துக்கிடுதேன்னு போன் போட்டுட்டான்."

கையை எனக்கு வாகாக நீட்டிக் கொடுத்தார்.

"ஏவாரம் போச்சுன்னா இங்க வரதுக்கும் வழியில்ல தாயி. நாளையில இருந்து நானே நாக்குல வச்சுப் பாக்க வேண்டியதுதான்."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் முத்துமாரியக்கா டப்பாவைத் திறந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்தவர் என்னைப் பார்த்ததும் மூடியைத் தேடினார். எனக்கு வெட்கமாக இருந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த குப்பைத்தொட்டியில் சாம்பார்ப் பொட்டலம் மேலாகவே கிடந்தது. தொட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

"நீங்க நாக்குல வச்சீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்றேன். "அந்த சைக்கிள்காரர் நம்பரக் குடுங்க, நான் பேசிக்கிடுதேன். நானும் தாராவிதான். காலையில பஸ்ஸுக்குப் போற வழியில வந்து நான் உப்பு பாக்கேன். அக்காகிட்ட சொல்லி வைங்க."