மீதித் தலை

கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி விழுந்தது.

இந்த நாற்காலிக்காக அவன் ஹைகோர்ட் வரை போயிருந்தான்.

வாசலில் ஜீப். உள்ளே இன்ஸ்பெக்டர். சுவரோரம் கிராம நிர்வாக அலுவலர், செல்போனும் கையுமாக.

ஊருக்கு இது ஒன்றுதான் சலூன். அவன் தெருவில் யாரும் இதில் உட்கார்ந்ததில்லை. உட்கார விட்டதில்லை.

இருளப்பன் கத்தரியை எடுத்தான்.

பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சு. அப்போதே இருளப்பனுக்கு வாய் ஓயாது. இப்போதும் அப்படித்தான். தலையைக் கொடுத்தவர்களுக்கெல்லாம் ஊர்க்கதை இலவசம்.

ரோட்டில் போகும்போது அந்தப் பேச்சும் சிரிப்பும் அவன் காதில் விழும். நடையைக் குறைக்காமல் போய் பஸ் ஏறுவான். டவுனில் முடி வெட்டுபவர் எந்த ஊர் என்று கேட்டால் வேறு ஊரின் பெயரைச் சொல்வான்.

வக்கீல் எல்லா வழிகளையும் சொன்னார். வன்கொடுமைச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம். கலெக்டரிடம் மனு கொடுக்கலாம். நேரே ஹைகோர்ட்டில் ரிட் போடலாம்.

எதைப் போட்டால் இருளப்பன் பேசுவான் என்று கேட்க நினைத்தான்.

கேட்கவில்லை. வக்கீல் சிரித்திருப்பார்.

இன்று கத்தரிச் சத்தம் மட்டும்தான்.

விரல்கூடத் தலையில் படவில்லை. சீப்பு நுனியால் முடியைத் தூக்கித் தூக்கி வெட்டினான் இருளப்பன். எதிர் டீக்கடையில் மேலத்தெரு ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடை இருப்பது அவர்கள் இடத்தில். இருளப்பன் வீடும் அங்கேதான்.

அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வலித்தது.

போட்டோ எடுத்தார்கள். முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று.

"ஆர்டர நிறைவேத்தியாச்சு சார்" என்றார் நிர்வாக அலுவலர்.

ஜீப் போய்விட்டது.

வலது பக்கம் வெட்டியாகிவிட்டது. இடது பக்கம் அப்படியே இருந்தது.

கத்தரி நின்றது.

இருளப்பன் டீக்கடையைப் பார்த்தான். அங்கே ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

எழுந்து போய்விடலாம். பாதித் தலையோடு டவுன் பஸ்ஸில். மீதித் தலையைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை.

அவன் எழவில்லை. ஆசை விடவில்லை. இந்த வயதில் இப்படி ஒரு ஆசையா என்று வெட்கமாகவும் இருந்தது.

பிடரியில் ஒரு கை விழுந்தது. ஐந்து விரலும் அழுத்தின.

"குனிடா நல்லா. எண்ணெய இப்படி அப்பிட்டு வந்திருக்க, சீப்பே ஓடல. அடுத்த தடவ தலைக்கு ஊத்திட்டு வா."

இனி எவனுக்கும் குனிய மாட்டேன் என்று கோர்ட் வாசலில் மைக்கைப் பிடித்துச் சொன்னவன், முகத்தைத் துணியில் புதைத்துக்கொண்டு நன்றாகக் குனிந்தான்.

டீக்கடையிலிருந்து யாரோ இருளப்பனை அதட்டிக் கூப்பிட்டார்கள்.

இருளப்பன் பழைய டிரில் மாஸ்டர் கதையை ஆரம்பித்தான்.