ஒட்டி இருப்பவர்கள்

டாக்டர் மேசைமேல் இருக்கும் பிளாஸ்டிக் வயிற்றிலிருந்து இரைப்பையைக் கழற்றி வைக்கிறார். அதன் பின்னால் கத்தரிக்காய் நிறத்தில் மண்ணீரல், எந்த வம்புக்கும் போகாததுபோல் உட்கார்ந்திருக்கிறது. அன்புசெல்வியின் கட்டி அதில் இல்லை. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் கணையத்தின் வாலில். "ரெண்டையும் சேர்த்துத்தான் எடுக்கணும்" என்கிறார் டாக்டர். "மண்ணீரல் நல்லாத்தானுங்களே இருக்குது?" என்று அவள் கணவன் டேனியல் அதற்காக வாதாடுகிறான். கேட்ட பிறகுதான் உறைக்கிறது. பனியன் கம்பெனியின் கட்டிங் மேசையில், அடுக்கிய துணியில் ஒன்றில் எண்ணெய் பட்டால் மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் நல்லதா என்று பார்க்காமலே சேர்த்து உருவிப் போடுகிறவன் அவன். "வேற யாருங்க அதை ஒட்டி இருக்காங்க?" பயத்திலும் மரியாதை குறையவில்லை. "முன்னால இரைப்பை, பின்னால இடது கிட்னி, கீழ பெருங்குடல்." "அவங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்களா?" "திறந்து பார்த்தாத்தான் தெரியும்." ஜன்னல் வெயிலில் அவன் தலைமுடியில் ஒட்டிய பஞ்சு மினுங்குகிறது. வெளியே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டே இருக்கிறது. அன்புசெல்வி அந்தப் பிளாஸ்டிக் வயிற்றைப் பார்த்தபடியே சொல்கிறாள்: "கொஞ்சம் தள்ளி உக்காருங்க மாமா. உங்களையும் சேர்த்து எடுத்துருவாங்க." டாக்டர் சிரித்துவிடுகிறார். டேனியலின் தோள் அவள் தோளைவிட்டு நகரவே இல்லை.