பம்புக்கு ஏறிய போதை

வீட்டிலேயே பீர் காய்ச்சும் ஒருவரின் மாடியில், பார்லி வேகவைத்த தண்ணீரை அண்டாவிலிருந்து பீப்பாய்க்கு ஏற்றுவது பம்பின் வேலை. அண்டா வற்றியதும் கரண்டை வெட்டுவது மிதவையின் வேலை. வெறும் காற்றை இழுத்தால் பம்பு கருகிவிடும். மிதவைக்கு எந்நேரமும் அந்தப் பயம்தான்.

அன்று முதல் வாய் உள்ளே போனதுமே பம்பு ஆட ஆரம்பித்தது. பாடியது. குழாயைக் கட்டிக்கொண்டு, "உன்ன மாதிரி நண்பன் எவனுக்குடா கிடைப்பான்!" என்று அழுதது. குழாயும் சேர்ந்து அழுதது.

"அண்ணே, அண்டா காலியாகப் போகுது. நிறுத்திக்கலாம்," என்றது மிதவை.

"என்னை நிறுத்த நீ யாருடா? நான் யார்னு தெரியுமா?"

மிதவை கரண்டை வெட்டியது. பம்பு அடங்கியது.

சத்தம் கேட்டு அலமாரியிலிருந்து ஈஸ்ட் பொட்டலம் எட்டிப் பார்த்தது. "என்னய்யா கூத்து இது? என்னைக் கலந்து புளிக்க வச்சாத்தானே போதை? என்னை இன்னும் பிரிக்கவே இல்லையே!"

பம்பு மிதவையின் பக்கம் திரும்பியது. மெல்லக் கேட்டது: "தம்பி, அப்ப நான் குடிச்சது வெறும் கஞ்சியா?"

"ஆமாண்ணே."

குழாயின் வாயிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"குழாய்கிட்ட மட்டும் சொல்லிடாத," என்றது பம்பு. "பாவம், அவன் இன்னும் அழுதுக்கிட்டிருக்கான்."