டெல்வின் வாசிக்காத பக்கம்

டெல்வின் பேச எழுந்தபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மொன்டானாவில் எங்கள் சின்ன ஊர். தீயணைப்பு நிலையக் கூடத்தில் சனிக்கிழமை காலைக் கூட்டம். வரப்போகும் ஒரு சட்டத்தைப் பற்றி ஊரார் கருத்தைக் கேட்க மாநிலப் பேரவை உறுப்பினர் வந்திருந்தார்.

கைத்துப்பாக்கியை விற்றாலும் சரி, நாலு நாளைக்கு இன்னொருவர் வீட்டில் கொடுத்து வைத்தாலும் சரி, இனிமேல் உரிமம் உள்ள கடைக்குப் போக வேண்டும். அங்கே ஆளை விசாரித்து, காகிதத்தில் எழுதித்தான் கைமாற்ற முடியும். அதுதான் சட்டம்.

நான் ஊர்ப் பதிவாளர். பேச வருகிறவர்கள் தாங்கள் எழுதியதில் ஒரு நகலை முதலிலேயே என்னிடம் கொடுத்துவிட வேண்டும். அது பதிவில் ஏறும். யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம்.

முதலில் ஆர்லிஸ் பேசினாள். போன அக்டோபரில் மகனைப் பறிகொடுத்தவள். ட்ராய்க்கு இருபத்திரண்டு வயதுதான். யாரோ நண்பன் சும்மா தூக்கிக் கொடுத்த துப்பாக்கி. துடைத்துக்கொண்டிருந்தபோது வெடித்துவிட்டது என்றாள். இந்தச் சட்டம் அப்போதே இருந்திருந்தால் அது தன் வீட்டுப் படியேறியிருக்காது என்றாள். அதோடு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். எனக்குப் பேனா ஓடவில்லை.

அடுத்துத்தான் டெல்வின்.

நில அளவை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். பள்ளியில் எனக்கு இரண்டு பெஞ்சு பின்னால் உட்கார்ந்தவன். கல்யாணம் கிடையாது, குழந்தை குட்டி கிடையாது. குறி பார்த்துச் சுடுவது ஒன்றுதான் பொழுதுபோக்கு. ஊர்த் துப்பாக்கி கிளப்பையும் அவன்தான் நடத்துகிறான்.

கடை நாற்பது மைல் தள்ளி இருக்கிறது, வார இறுதியில் திறப்பதில்லை என்று ஆரம்பித்தான். நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு துப்பாக்கியைக் கொடுத்து வைக்கக்கூடக் கடைக்காரர் வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்று கேட்டான்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "ஏன் டெல்வின், ஒரு பெட்டி தோட்டாவுக்கே ரசீது கேக்கற ஆளாச்சே நீ. இப்ப மட்டும் காகிதம் கசக்குதா?"

கூடமே சிரித்தது. டெல்வின் சிரிக்கவில்லை. பக்கத்தைத் திருப்பினான். முன்வரிசையைப் பார்த்தான். அவனுக்குத் தந்த நேரத்தில் இன்னும் ஒரு நிமிடம் பாக்கி இருந்தும் தாள்களை மடித்துக்கொண்டு, "அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டான்.

ஆர்லிஸ் எழுந்தாள். அவளுடைய முறை முடிந்திருந்தது. நான் தடுக்கவில்லை.

"உங்க விளையாட்டுக்கு நாப்பது மைல் போறது கஷ்டமா இருக்கு. நான் என் பிள்ளையப் பாக்கக் கல்லறைக்குப் போறேன். உங்களுக்குன்னு ஒரு பிள்ளை இருந்திருந்தா இப்படிப் பேச வாய் வந்திருக்காது."

"இருக்கலாம், ஆர்லிஸ்." அவ்வளவுதான் சொன்னான்.

நன்றாகக் கேட்டாள் என்று எனக்கு உள்ளுக்குள் திருப்தி. காப்பி குடிக்கும்போது அவன் பக்கத்தில் யாரும் போய் உட்காரவில்லை. அதிலும் எனக்குத் திருப்திதான்.

கூட்டம் கலைந்த பிறகு என் மேசைக்கு வந்தான்.

"வெர்னா, நான் குடுத்ததுல முதல் பக்கம் இருக்கட்டும். ரெண்டாவதைத் திருப்பிக் குடுத்துடு."

"ஏன், அதுல இதைவிட அசிங்கமா எழுதியிருக்கியா?"

"வாசிக்காததைப் பதிவுல ஏத்தணும்னு இல்லையே."

அவனைக் கடுப்பேற்ற வேண்டும் என்றே அவன் கண்ணெதிரிலேயே எடுத்துப் படித்தேன். நில அளவைக்காரனின் ஒழுங்கான கையெழுத்து.

'போன அக்டோபர் பதினைந்து, சனிக்கிழமை. ஒரு பையன் தன் துப்பாக்கியோடு என் வீட்டுக்கு வந்தான். கொஞ்ச நாளைக்கு நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், மனசு சரியில்லை, இது என் பக்கத்தில் இருப்பது நல்லதில்லை என்றான். காகிதம் இல்லாமல் யாருடைய துப்பாக்கியையும் வாங்குவதில்லை என்பது என் வழக்கம். திங்கட்கிழமை கடை திறந்ததும் போய் முறைப்படி எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான். மறுநாள் அவன் இல்லை. அன்று நான் கடைப்பிடித்த ஒழுங்கைத்தான் நீங்கள் இப்போது சட்டமாக்கப் பார்க்கிறீர்கள். இப்படி ஒருவன் வந்து கொடுத்தால் உடனே வாங்கிக்கொள்ள இதில் ஒரு வழி வையுங்கள்.'

பெயர் எழுதவில்லை. அந்தத் தேதியே போதும். அதற்கு மறுநாள்தான் ட்ராய் போனான் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். சற்றுமுன் சந்தோஷப்பட்டதை நினைத்து வெட்கமாக இருந்தது.

"இதை வாசிச்சிருந்தா பாதிப் பேர் உன் பக்கம் வந்திருப்பாங்களே டெல்வின். அந்த உறுப்பினரும் கேட்டிருப்பாரு. அவ உன்ன அப்படிப் பேசியிருக்கவும் மாட்டா."

"வாசிக்கத்தான் வந்தேன். அவ வந்து உக்காந்திருப்பான்னு நினைக்கல." தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"துடைக்கறப்போ வெடிச்சுதுன்னுதான் அவ நம்பிட்டு இருக்கா. அந்த ஒண்ணுதான் அவளுக்கு மிச்சம். அதையும் நான் பிடுங்கணுமா, வெர்னா?"