அஸ்தினாபுரத்து மல்லார்ட்

ஸ்ரீநிவாசராகவன் விடுவது அத்தனையும் புருடா என்று, கேமராவை ஃபோகஸ் பண்ணின அடுத்த நொடியே சுகுமாருக்குத் தெரிந்துபோயிற்று.

மனுஷர் ரிடையர்டு கணக்கு வாத்தியார். அஸ்தினாபுரம் ஏரியில் ஒரு வாத்தைப் பார்த்துவிட்டு, குளிர்தேசத்திலிருந்து வந்த மல்லார்ட் என்று மூணு மாசமாகத் தமுக்கடித்துக்கொண்டிருக்கிறார். அபூர்வப் பறவை வருகிற ஏரி என்று அவர் போட்ட மனுவால்தான் ஏரிக்கரையில் குப்பை கொட்டுகிற லாரிகள் வராமல் நின்றிருந்தன. ஒரேயடியாக நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவுசெய்ய இன்றைக்கு அதிகாரியே நேரில் வந்துவிட்டார்.

சுகுமாருக்கு லாரியைப் பற்றி என்ன கவலை? அவன் ஊரப்பாக்கம். ஞாயிற்றுக்கிழமையானால் பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு பறவை பார்க்க வருகிறவன். யாராவது ஒரு பறவைக்குப் பேரைத் தப்பாகச் சொல்லிவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

“பாருங்கோ சார், தலையில பச்சை. மல்லார்ட்தான், சந்தேகமே வேண்டாம்” என்றார் வாத்தியார்.

“ஒரு நிமிஷம்” என்று சுகுமார் முன்னால் வந்தான்.

கரையில் டீக்கடை போட்டிருக்கும் தனம் குறுக்கே வந்து, “டீ ஆறுது சார், மொதல்ல குடி” என்று அவன் கையில் கிளாஸைத் திணிக்கப் பார்த்தாள்.

“அப்புறம்க்கா” என்று விலக்கிவிட்டு, கேமரா ஸ்கிரீனை அதிகாரியிடம் காட்டினான்.

“சுத்த மல்லார்ட்டுன்னா ஆணுக்குத் தலை முழுக்கப் பச்சை, கழுத்தைச் சுத்தி வெள்ளை வளையம். இதுக்குப் பாருங்க, உச்சந்தலையில மட்டும்தான் பச்சை. வளையம் பாதியோட நிக்குது. அலகு நுனியில மஞ்சள் இருக்கே, அது நம்ம ஏரியில இருக்கிற புள்ளிமூக்கு வாத்தோட அடையாளம்.”

“அப்ப இது வெளிநாட்டுப் பறவை இல்லையா?”

“வெளிநாடாவது! வீட்டு வாத்துக்கும் ஏரி வாத்துக்கும் பொறந்த கலப்பு சார்.”

அதிகாரி வாத்தியாரைப் பார்த்தார்.

“ஒரு கலப்பு வாத்துக்காகவா மூணு மாசம் எங்களை அலைய விட்டீங்க?” என்று ஃபைலை மூடினார் அதிகாரி. ஜீப்பில் ஏறும்போதே போனை எடுத்து, நாளையிலிருந்து லாரிகளை அனுப்பச் சொன்னார்.

வாத்தியார் பைனாகுலரைப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

சுகுமாருக்கு ஒரே திருப்தி. ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தான்.

“ஏன்க்கா, இத்தனை வருஷமா பறவை பார்க்கிறேன்னு சொல்றார், இதுகூடவா தெரியாது அவருக்கு?”

தனம் பாய்லரைத் துடைத்தபடியே சொன்னாள்.

“தெரியாம இன்னா? என் வூட்டு வாத்து ஏரி வாத்தோட கூடிப் பொரிச்ச குஞ்சு சார் அது. மொத நாளே அவராண்ட சொல்ட்டேன். ‘எனக்கும் தெரியும்மா. கலப்புன்னா லாரி திரும்ப வந்துடும், வாயைத் தொறக்காதே’ன்னாரு. நான் படிக்காதவ, மூணு மாசமா மூடிகினு இருந்தேன். நீ படிச்சவன், உன்னால அஞ்சு நிமிஷம் முடியல.”