தலைவருக்குப் பொருந்திய ஆங்கிலம்

சங்கத்தில் கணக்கெழுதும் பானுமதி அடித்துக் கொடுத்த கடிதத்தை சிவபிரகாஷ் மூன்றாவது முறையாகத் திருப்பிக் கொடுத்தார்.

வாசலூர்பட்டி மிளகு விவசாயிகள் சங்கத்துக்கு அவர் தலைவராகி முழுசாக இரண்டு நாள் ஆகவில்லை. அதற்குள் ஆங்கிலத்தில் நல்லது கெட்டது பிடிபட்டுவிட்டது.

தலைவரான கதையில் ரகசியம் ஏதுமில்லை. பழைய தலைவர் அர்த்தனாரிக்கு முட்டி வலி. ஞாயிற்றுக்கிழமை மருமகன் சிவபிரகாஷைக் கூப்பிட்டு ஆட்டுக்கறி போட்டார். கை கழுவும்போது, இனி நீயே பார்த்துக்கொள் என்றார். தேர்தல் அத்துடன் இனிதே முடிந்தது.

அந்தச் செய்தியை மேலாபீஸுக்கு எழுத வேண்டும். எழுதினால்தான் மிளகு உலர்த்தும் மெஷின் வரும். ஆங்கிலத்தில் எழுதினால்தான் மரியாதை வரும் என்பது சிவபிரகாஷின் கட்சி.

முதலில் பானுமதி 'மேட்' என்று போட்டிருந்தாள். செய்வதற்கு நான் என்ன செங்கல்லா என்று கேட்டார்.

அடுத்து 'நாமினேட்டட்'. யாரோ தயவில் வந்தது போல இருக்கிறதாம். மாமனார் தயவில் வந்தவருக்கு உறுத்தத்தானே செய்யும்!

மூன்றாவது 'அப்பாயின்டட்'.

"மாசச் சம்பளத்துக்குச் சேந்த மாதிரி இருக்குது. எலெக்டடுன்னு போடு கண்ணு, அதுலதான் ஒரு கம்பீரம் இருக்குது."

அதற்கு ஓட்டு வேண்டுமே என்று பானுமதி மெல்லச் சொன்னாள். அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தலைவர் தீர்ப்பளித்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பொதுக்கூட்டத்தில் இதே ஓட்டைத்தான் அவள் கேட்டாள். தானும் மிளகு போடும் உறுப்பினர்தான், தலைவருக்கு நிற்கிறேன் என்றாள். எடை போடுவதும் கணக்கெழுதுவதும் நீ, தலைமை மட்டும் எங்களுக்கு என்றால் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. அர்த்தனாரி சிரித்தார். கூட்டமும் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

கேட்ட வார்த்தையை அடித்துக் கொடுத்தாள்.

சிவபிரகாஷ் வாய்விட்டுப் படித்தார். இன்னொரு முறை படித்தார். பேனாவைத் திறந்தார்.

பானுமதி மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து நீட்டினாள்.

"எலெக்டடுன்னு போட்டா இந்தக் காயிதத்தையும் சேத்து அனுப்பணுமுங்க. படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

அது தமிழில் இருந்தது. தமிழில் இருப்பதைப் போய் யாராவது படிப்பார்களா? இரண்டிலும் நீளமாகக் கையெழுத்திட்டுவிட்டு, பொன்னாடைக்குச் சொல்லிவைக்க வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பானுமதி இரண்டாவது தாளில் சங்கத்து முத்திரையை அழுத்திக் குத்தி, நகல் ஒன்றைக் கடிதத்தோடு மேலாபீஸ் உறையில் போட்டுவிட்டு, தாளை வாசல் கதவில் ஒட்டினாள்.

தலைவர் தேர்தல் அறிவிப்பு. நாள்: வரும் ஞாயிறு. மேலாபீஸ் அதிகாரி முன்னிலையில் ரகசிய ஓட்டு.

போட்டியிடுவோர்: ஒன்று, சிவபிரகாஷ்.

இரண்டு, பானுமதி.