பாவாயி கிழித்த நோட்டீஸ்

“யாரும் அந்தக் காயிதத்தைக் கையில வாங்காதீங்க. வாங்குனா எடத்தைக் காலி பண்ண ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிப்போயிரும்” என்று பாவாயி சொன்னதும், பதினோரு கூடாரத்துக்காரர்களும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

எதிரே வி.ஏ.ஓ. சௌமியா நோட்டீஸ் கட்டோடு நின்றாள். முப்பது வயது இருக்கலாம். அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்ததாக ஊரில் யாரும் சொன்னதில்லை.

“வாங்கலைன்னா ஒட்டிட்டுப் போவேனுங்க.”

சொன்னபடியே செய்தாள். ஒவ்வொரு கூடாரத்தின் தார்ப்பாய் மேலும் பசை தடவி ஒரு தாளை ஒட்டினாள். அந்தந்தக் குடும்பத்தைப் பக்கத்தில் நிற்கவைத்து செல்போனில் படமும் எடுத்துக்கொண்டாள்.

“படம் எதுக்குங்க?” என்றாள் பாவாயி.

“எனக்கு வேணும்.”

அவள் வருவது இது மூன்றாவது தடவை. முதல் தடவை தலைகளை எண்ணினாள். அடுத்த தடவை பெயர், வயது, எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். மூன்று தடவையும் வந்து இறங்கியது கவுன்சிலர் சபரிநாதனின் காரில். இந்தப் புறம்போக்குக்குப் பின்னால்தான் சபரிநாதன் வீட்டுமனை போட்டிருக்கிறார். மனை பார்க்க வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது இந்தக் கூடாரங்கள். அவள் யாருடைய ஆள் என்று சந்தேகப்பட இதைவிட வேறென்ன வேண்டும்?

இவர்கள் கரும்பு வெட்டுக்கு மோகனூர்ப் பக்கம் வந்துபோய்க்கொண்டிருந்த குடும்பங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு, ஆறு வருஷமாக கல்லும் பாறையுமான இந்தக் கல்லாங்குத்து நிலத்திலேயே தங்கிவிட்டார்கள். பாவாயியின் மகள் நிலா இப்போது பத்தாவது பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

“பரிச்சை முடியற வரைக்குமாச்சும் உடுங்க சாமி” என்று பாவாயி கெஞ்சிப் பார்த்தாள்.

சௌமியா காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. “நோட்டீஸை மட்டும் கிழிச்சிராதீங்க” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

பாவாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கார் திரும்புவதற்குள் தன் கூடாரத்து நோட்டீஸைப் பிய்த்து அடுப்பில் போட்டாள்.

நாலாம் நாள் காலையில் ஜே.சி.பி. வந்துவிட்டது. அதன் பின்னால் போலீஸ் ஜீப். ஜீப்புக்குப் பின்னால் சபரிநாதனின் கார். காரிலிருந்து சௌமியாவும் இறங்கினாள்.

“பாத்தீங்களா? அன்னைக்கு எண்ணிப்பாத்தது எதுக்குன்னு இப்பத் தெரியுதா?” என்றாள் பாவாயி. பக்கத்துக் கூடாரத்தில் பாத்திரங்களை வெளியே எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டார்கள். நிலா கணக்குப் பரீட்சைக்குப் போயிருந்தாள். அவளுடைய மற்ற புத்தகங்கள் எல்லாம் உள்ளே இருந்தன.

எஸ்.ஐ. சண்முகவேல் முதல் கூடாரத்தில் ஒட்டியிருந்த தாளை நின்று படித்தார்.

“என்னங்க இது, பதினஞ்சு நாள் டைம் குடுத்திருக்கு? இன்னைக்கு நாலாவது நாள்தானே?”

“அதெல்லாம் சும்மா சம்பிரதாயமுங்க சார். நீங்க ஆரம்பிக்கச் சொல்லுங்க” என்றார் சபரிநாதன்.

“தாசில்தார் கையெழுத்து போட்டிருக்காருங்க. நாளைக்குக் கோர்ட்டுல நீங்களா வந்து நிப்பீங்க?”

எஸ்.ஐ. ஒவ்வொரு கூடாரமாகப் பார்த்துக்கொண்டே போனார். பத்திலும் தாள் இருந்தது. கடைசிக் கூடாரத்தின் முன்னால் நின்றார்.

“இதுல ஒண்ணையும் காணோமே?”

சபரிநாதனுக்கு உயிர் வந்தது. “அப்ப இதுக்கு டைம் எதுவும் குடுக்கலைன்னுதானுங்க அர்த்தம். இதையாச்சும் எடுத்துருங்க சார். ஒண்ணு போனா மத்ததெல்லாம் தானாப் போயிரும்.”

ஜே.சி.பி. உறுமிக்கொண்டு நகர்ந்தது. பாவாயி அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அடுப்பில் போட்ட காகிதத்தை எங்கே போய்த் தேடுவது?

அப்போதுதான் சௌமியா வாயைத் திறந்தாள்.

“இங்கயும் ஒட்டியாச்சுங்க சார். கிழிச்சது இந்தம்மாதான். அத்தாட்சி இருக்கு.”

கூடி நின்றவர்கள் வயிறெரிந்து அவளைச் சபித்தார்கள். இருக்கிற இடமும் போய், அரசாங்கக் காகிதத்தைக் கிழித்ததற்குக் கேஸ் வேறா? பாவாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சௌமியா செல்போனை நீட்டினாள். படத்தில் கூடாரமும் அதில் நோட்டீஸும் இருந்தன; பக்கத்தில் முறைத்தபடி பாவாயி நின்றிருந்தாள். ஓரத்தில் தேதியும் நேரமும் தெரிந்தன.

எஸ்.ஐ. உற்றுப் பார்த்தார். “அப்ப இதுக்கும் பதினஞ்சு நாள் இருக்குது. யாரும் கை வைக்க முடியாது” என்று ஜே.சி.பி.யை நிறுத்தச் சொன்னார்.

அவர் ஜீப்புக்குப் போனதும் சபரிநாதன் சௌமியாவின் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, மெரட்டறதுக்கு ஒரு காயிதம் ஒட்டுன்னு சொன்னா, தாசில்தாரு கையெழுத்தோட நெசமான நோட்டீஸையா கொண்டாந்து ஒட்டுவ?”

“கையெழுத்து இல்லாத காயிதம் ஒட்டிப் பழக்கமில்லீங்க” என்றாள் சௌமியா. சபரிநாதன் கார் கதவை அறைந்து சாத்திக்கொண்டு, அவளை விட்டுவிட்டே கிளம்பிப் போனார்.

சௌமியா தன் தோள்பையிலிருந்து நோட்டீஸின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு பாவாயியிடம் வந்தாள். பாவாயி எழுந்தாள். பழக்கத்தில் அவள் கைகள் பின்னால் போயின.

“இதையும் அடுப்புல போட்டுராதீங்க. பாவாயிங்கறவங்க ஆறு வருஷமா இந்த எடத்துல குடியிருக்காங்கன்னு இதுல எழுதி தாசில்தாரே கையெழுத்துப் போட்டிருக்காரு. நாளைக்குப் பட்டா கேட்டு மனுக் குடுக்கறப்ப, உங்ககிட்ட இருக்கற ஒரே சாட்சி இதுதானுங்க.”